கிளிச் சீட்டும் இஸ்திகாராவும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!

மகளுக்கு வரன் வருகிறது. மகன் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறான். வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கிறார். என்ன செய்வதென்று உள்ளம் தவிக்கும் அந்த வேளையில்தான் மனிதன் சீட்டிடம் வழி கேட்கத் துணிகிறான்.

சாலையோரத்தில் கூண்டுக்கிளி ஒரு சீட்டை எடுத்துத் தருகிறது. கூலியாக ஒரு நெல்மணி பெறுகிறது. நகரங்களில் இதுவே 'டாரட்' என்ற பெயரில் நடக்கிறது. 78 சீட்டுகள் கொண்ட அது 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகவே தோன்றியது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் குறி சொல்லும் கருவியாகப் பரவியது. நம்மவரில் சிலர் 'பால் கிதாபு' பார்ப்பதும் இந்த வகையே.

"எதிர்காலம் அறிய அல்ல, மனத்துணிவு பெறவே பார்க்கிறோம்" என்பர் சிலர். அறியாமைக் கால அரபிகளும் பயணத்திற்கும் திருமணத்திற்கும் அம்புகளை எடுத்துக் குறி கேட்டனர். அதை ஷைத்தானின் செயல் எனத் திருக்குர்ஆன் (5:90) தடுத்தது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களைத் துரத்திச் சென்ற சுராக்கா, அன்று இஸ்லாத்தை ஏற்றிராதவர், அம்பெடுத்துப் பார்த்தார். விரும்பாத விடையே வந்தது. ஆயினும் அவர் துரத்துவதை நிறுத்தவில்லை (புகாரி). விரும்பியது வந்தால் நம்புவதும் வராவிட்டால் மீறுவதும் வழிகாட்டல் ஆகுமா?

2024 ஏப்ரலில் கடலூர் மக்களவைத் தொகுதி வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி உறுதி என்றார் ஒரு கிளி ஜோசியர். ஜூனில் வந்ததோ தோல்வி. கிளிகளை அடைத்து வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், வனத்துறையினர் கிளிகளைப் பறிமுதல் செய்து அவரை எச்சரித்து விடுவித்தனர். தம் கிளிகள் பறிபோகும் நாளை அந்தச் சீட்டு அவருக்கே சொல்லவில்லை!

அப்படியானால் வழி என்ன?

முதலாவது, முயற்சி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள் (திர்மிதி). நோய்க்கு மருத்துவம் தேடுவதும் அத்தகைய முயற்சியே. உத்திரமேரூர் பக்கத்துத் திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் என ஒரு மருத்துவமனைக்கான ஏற்பாட்டை அது விவரிக்கிறது. நோயுற்றவருக்கு அன்றும் இன்றும் வேண்டியது இதுவே.

இரண்டாவது, மஷ்வரா. பெற்றோரிடமும் விவரம் அறிந்தோரிடமும் கலந்தாலோசிப்பது இறைநம்பிக்கையாளரின் பண்பு (42:38).

மூன்றாவது, இஸ்திகாரா. கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, "இது எனக்கு நன்மையாயின் எளிதாக்கு, தீமையாயின் விலக்கிவிடு" என்னும் கருத்தில் இறைஞ்சுவது. குர்ஆன் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல் நபியவர்கள் இதைக் கற்றுத் தந்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). கனவில் விடை வரும் என்று அந்த ஹதீஸில் இல்லை. எனவே கனவுக்குக் காத்திராமல், ஆய்ந்து தெளிந்ததைத் துணிந்து செய்யுங்கள்.

குறிகாரனிடம் சென்று கேட்பவரின் 40 இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்னும் எச்சரிக்கையை (முஸ்லிம்) நம் பிள்ளைகளுக்கும் சொல்வோம். மறைவானவற்றை அறிந்த அல்லாஹ் நம் காரியங்களில் நல்வழி காட்டுவானாக! ஆமீன்.