ஃபிலிம் சுருளுக்குள்ளே என்ன இருக்கு?



செல்போனில் எத்தனை படம் எடுத்தாலும், பிடிக்கலைன்னா அழித்துவிடலாம். ஃபிலிம் கேமராவில் அது முடியாது. ஒரு சுருளில் பொதுவாக 36 படம்தான். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, பழைய படங்களில் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார்கள்!

சாதாரண மக்கள் கையில் கேமராவைக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ல் அவர் கொண்டுவந்த கோடாக் கேமராவில் 100 படம் எடுக்கலாம். முடிந்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பணும். அவர்கள் படம் போட்டு, புதுச் சுருளும் மாட்டி அனுப்புவார்கள். விலை 25 டாலர். 1900-ல் வந்த ‘பிரௌனி’ கேமரா 1 டாலர்தான். சிறுவர்கள்கூட படம் எடுத்தார்கள்.

சரி, ஃபிலிமில் என்ன நடக்கிறது? பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் சில்வர் புரோமைடு போன்ற வெள்ளி உப்புத் துகள்கள். பட்டனை அழுத்தினால் ஷட்டர் கண நேரம் திறந்து மூடும். ஒளி பட்ட துகள்கள் மாறிவிடும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் கரைசலில் போட்டதும் அவை கறுப்பு வெள்ளியாகும். ஒளி படாததை ‘ஹைப்போ’ கரைத்துவிடும். இப்போ வெளிச்சமான வானம் கறுப்பாகவும், கறுத்த தலைமுடி வெளுப்பாகவும் தெரியும். இதுதான் நெகட்டிவ். இதன் வழியாக ஒளியைப் போட்டோ தாளில் விழவைத்தால் மறுபடி மாறி, சரியான படம் வரும். கலர் ஃபிலிமில் கடைசியில் வெள்ளியை நீக்கிவிடுவார்கள், சாயம் மட்டும் நிற்கும்.

சுருள் பாதியில் இருக்கும்போது கேமராவின் பின்மூடியைத் திறந்தால் போச்சு! எடுத்த படத்தின் மேலேயே வெளிச்சம் பட்டுவிடும்.

நம் ஊட்டியிலும் ஃபிலிம் செய்தார்கள். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அது. இப்போது இயங்கவில்லை.

எங்க தெருப் பாட்டி ஒருத்தருக்கு, இறந்துபோன மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழையில் சுவர் ஊறி அதுவும் முகம் தெரியாமல் போய்விட்டது. டிரங்குப் பெட்டியில் நெகட்டிவ் கிடந்ததால் ஸ்டுடியோ அண்ணன் புதுசாகப் போட்டுக் கொடுத்தார். தாளில் உள்ள படம் அழிந்தாலும் நெகட்டிவ் இருந்தால் ஆள் திரும்பக் கிடைப்பார்!

ஆகவே நண்பர்களே, வீட்டில் நெகட்டிவ் இருந்தால் குப்பையில் போட்டுடாதீங்க. ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள், ஏன்னா விரல் ரேகை பதியும். காகித உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கலர் நெகட்டிவ் நாளாக நாளாக மங்கும், அதனால் சீக்கிரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடம் இப்பவே கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மட்டும் எந்த நெகட்டிவிலும் பதிவாகாது!

– 9-ஆம் வகுப்பு மாணவி