எந்தக் கம்பெனியின் சிம் நல்லது?

புதிதாக ஓர் ஊரில் வீடு பார்க்கிறவர்கள், குடிதண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரித்த கையோடு, வீட்டுக்குள் டவர் கிடைக்குமா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. வங்கி அனுப்பும் ரகசிய எண்ணும், எரிவாயு சிலிண்டர் பதிவும், அயலூரில் வேலை பார்க்கும் மகனுடைய குரலும் ஒரே கருவியின் வழியாக வந்து சேர வேண்டியிருக்கும் காலத்தில், அலை எட்டாத வீட்டைப் பாதி வசதி இழந்த வீடாக ஜனங்கள் கருதுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடுகிறவர்களில் பெரும்பாலோர், எந்தக் கம்பெனி சிறந்தது என்று பொதுப்படையாகக் கேட்டு, விளம்பரத்தின் ஆடம்பரத்தையோ நண்பரின் அபிப்பிராயத்தையோ நம்பி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தேசம் முழுவதற்கும் சிறந்த கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஒரு தெருவுக்கு, ஒரு வீட்டுக்கு, சில சமயம் ஒரு வீட்டின் ஓர் அறைக்குச் சிறந்த கம்பெனிதான் உண்டு. இது ஏன் என்பதை அறிந்துகொண்டால், தேர்ந்தெடுக்கும் வழியும் தானே விளங்கிவிடும்.

கைப்பேசி என்பது அடிப்படையில் ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையம். அது அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் மின்காந்த அலைகளை ஏற்பதோடு நில்லாமல், தானும் அலைகளை அனுப்பியாக வேண்டும். கோபுரத்தின் அலைபரப்பி பல வாட் சக்தியோடு பேசுகிறது. 4ஜி கைப்பேசியோ அதிகபட்சம் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியோடுதான் பதில் சொல்ல முடியும். எதிர்முனையில் இருப்பவர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்க, நாம் பேசுவது அவருக்கு விட்டுவிட்டுக் கேட்கும் விசித்திரத்துக்கு ஒரு முக்கியமான காரணம் இதுவே. தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டுவதற்காகக் கருவி தன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வதால்தான், சிக்னல் மோசமான இடங்களில் பேட்டரியும் வெகு சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

அலைகள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. நம் நாட்டில் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த அதிர்வெண்களும், 1800, 2100, 2300 என்னும் நடுத்தர அதிர்வெண்களும், 5ஜி சேவைக்கென 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த அதிர்வெண்களும் பயன்பட்டு வருகின்றன. கல்யாண வீட்டு மேளத்தில் நாகஸ்வரத்தின் நுட்பங்கள் பந்தலோடு நின்றுவிட, தவிலின் முழக்கம் மட்டும் சுவர்களைக் கடந்து அடுத்த தெருவரை கேட்பது போல, தாழ்ந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தூரம் சென்று சுவருக்குள்ளும் ஓரளவு நுழைகின்றன. உயர்ந்தவை ஏராளமான தகவலைச் சுமந்து வந்தாலும் வாசலோடு தளர்ந்துவிடுகின்றன. இந்த அலைக்கற்றைகளை மத்திய சர்க்கார் ஏலத்தில் விடுகிறபோது, எந்த நிறுவனம் எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்தில் எவ்வளவு வாங்கியது என்பதும், வாங்கியதைக் கொண்டு எங்கெங்கே கோபுரம் நட்டது என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், திருச்சியில் அமோகமாக எடுக்கும் சிம் கொல்லிமலையில் வெறும் பிளாஸ்டிக் துண்டாகக் கிடக்கக் கூடும்.

வீட்டின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஓட்டு வீட்டுக்குள் எளிதாக வந்த அலை, கம்பி நெருங்கக் கட்டிய கான்கிரீட் தளத்திலும், தகரக் கூரையிலும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியிலும் பட்டுப் பெருமளவு திரும்பிப்போகிறது. மின்தூக்கிக்குள்ளும் தரைக்குக் கீழுள்ள வாகன நிறுத்தத்திலும் பேச்சு அறுந்துபோவதற்கு எந்தக் கம்பெனியையும் நொந்துகொள்வதில் நியாயமில்லை. மலைப் பிரதேசத்திலோ, குன்று ஒன்று குறுக்கே நின்றால், கோபுரம் பக்கத்திலேயே இருந்தும் பலன் இராது. 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டு இணையவழிப் பாடம் நடந்தபோது, மலைக் கிராமத்துப் பிள்ளைகள் மேடும் மரமும் ஏறி அமர்ந்து படித்த காட்சிகளைப் பத்திரிகைகளில் கண்டவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

திரையின் மூலையில் தெரியும் கோடுகளை ஒரு நிச்சயமான அளவாகக் கொள்வதும் பொருந்தாது. எத்தனை வலுவுக்கு எத்தனை கோடு என்பதைக் கருவி செய்கிறவர்கள் தத்தம் இஷ்டப்படி நிர்ணயித்துக்கொள்கிறார்கள். உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அமைப்புகளுக்குள் சென்று, கைப்பேசியைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்பதைத் திறந்தால் அதைக் காணலாம். கழித்தல் குறியோடு தோன்றும் அந்த எண் 4ஜி சேவையில் 80-ஐ ஒட்டியிருந்தால் உத்தமம். 100 என்றால் சமாளிக்கலாம். 110-ஐத் தாண்டிவிட்டால் பேச்சு தடுமாறத் தொடங்கும். பத்து எண் வித்தியாசம் என்பது வலுவில் பத்து மடங்கு வித்தியாசம் என்பதையும் மறக்கலாகாது. இந்த எண் நன்றாக இருந்தும் படம் நகராமல் நிற்குமானால், குற்றம் அலையின் வலுவில் இராது. ஒரே கோபுரத்தைத் திருவிழாக் கூட்டமோ, மாலை நேரத்துக் குடியிருப்போ ஒருசேர மொய்க்கும்போது, இருக்கிற திறனை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள நேர்வதே காரணமாக இருக்கலாம்.

கம்பெனியை மாற்றுவதற்கு முன்பு செலவில்லாத சில உபாயங்களைச் செய்து பார்ப்பது விவேகம். ஜன்னலோரமும் மாடியும் எப்போதும் மேல். ஏரோப்ளேன் மோடைச் சில விநாடி இயக்கி நிறுத்தினால், தூரத்துக் கோபுரத்தை விடாமல் பற்றிக்கொண்டிருந்த கருவி பக்கத்துக் கோபுரத்தைத் தேடிக்கொள்ளக் கூடும். 5ஜி மங்கலாக வந்து வந்து போகும் இடத்தில், அதை நிறுத்திவிட்டு 4ஜியில் மட்டும் வைத்துக்கொண்டால் பேச்சு நிலைப்படுவது உண்டு. எல்லாவற்றினும் பயனுள்ளது, பலர் தம் கைப்பேசியில் இருந்தும் கவனியாத வைஃபை காலிங் என்ற வசதி. வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால், கோபுரத்தின் தயவு இல்லாமலே சாதாரண எண்ணிலிருந்து சாதாரண எண்ணுக்கு அதன் வழியாகப் பேசலாம். கருவியும் கம்பெனியும் இவ்வசதியை அளிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஏர்டெல்லும் ஜியோவும் 2019, 2020-ஐ ஒட்டியே இதைத் தொடங்கிவிட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிக்னலைப் பெருக்கித் தருவதாகச் சொல்லிக் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் பூஸ்டர் என்னும் சாதனத்தை, அனுமதி பெறாமல் வாங்கி வீட்டில் பொருத்துவது சட்டவிரோதம். அது ஒரு வீட்டில் வெளிச்சம் காட்டினாலும், கட்டுப்பாடின்றி அலைகளைக் கக்கிக் கோபுரத்தின் செவியை அடைத்து, சுற்றியுள்ள பலருடைய பேச்சைக் கெடுத்துவிடுகிறது.

இவ்வளவும் செய்து பயனில்லை என்றால் கம்பெனியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்க இன்று மிஞ்சியவை சிலவே; அதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு தொடங்கிற்று. அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் இருவருமே பணம் கொடுத்த அந்நாள் மாறி, வந்த அழைப்புக்குக் கட்டணமில்லை என்ற 2003-ஆம் ஆண்டின் மாறுதலையும், 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததையும் தொடர்ந்து நடந்த விலைப் போரில் பல கம்பெனிகள் மறைந்தன. ஜியோ, ஏர்டெல், வி, அரசுத் துறையின் பி.எஸ்.என்.எல். என்று நமக்கு எஞ்சியவை நான்குதான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் சேவை தடைப்பட்டுத் திவால் மனுச் செய்தபோது, லட்சக்கணக்கான ஜனங்கள் பல ஆண்டு பழகிய எண்ணை இழக்காமல் வேறிடம் போக முடிந்ததற்கு, 2011 ஜனவரி 20-இல் நாடு முழுவதும் வந்த எண் மாற்றச் சலுகையே காரணம்.

தேர்வு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தாரே. அவர்களிலும், நம்மைப் போலவே கீழ்த்தளத்திலோ பின்கட்டிலோ குடியிருப்பவருடைய வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அடுத்தபடி, எந்தெந்த இடத்தில் எந்தச் சேவை எட்டுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருப்பதால், அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் வரைபடம் வீதியைக் காட்டுமே ஒழிய நம் படுக்கையறையைக் காட்டாது. ஆகவே, இரண்டு சிம் இடம் கொள்ளும் கைப்பேசியில் புதுக் கம்பெனியின் சிறிய ரீசார்ஜ் ஒன்றைப் போட்டு, வீடு, வேலையிடம், அடிக்கடி போகும் வழி ஆகியவற்றில் காலையிலும் மாலையிலும் பரீட்சை செய்து பார்ப்பதற்கு இணையான சாட்சி வேறில்லை.

கருவியின் தகுதியையும் கவனிக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாதாகையால், 4ஜி வழிப் பேச்சுக்கு ஏற்பில்லாத பழைய பொத்தான் கைப்பேசியை வைத்திருக்கும் பெரியவருக்கு அந்த சிம் உதவாது. தொழிலும் உயிரும் தொலைபேசியை நம்பியிருப்பவர்கள், இரண்டு சிம்களையும் வெவ்வேறு கம்பெனிகளிடம் பெறுவது நலம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் மின்கம்பங்களைச் சாய்த்துப் பல நாள் இருளில் ஆழ்த்தியபோது, மின்சாரமின்றிக் கைப்பேசிக் கோபுரங்கள் பலவும் ஓய்ந்துபோனதைக் கண்டவர்கள், ஒரே கம்பெனியை மட்டும் நம்புவதன் அபாயத்தை அறிவார்கள்.

மாறுவது என்று தீர்மானித்தபின் சிரமம் அதிகமில்லை. போர்ட் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, நம் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். நம் வட்டத்தில் நான்கு நாள் செல்லுபடியாகும் அதனோடும் ஆதாரோடும் புதுக் கம்பெனியின் கடைக்குப் போனால் போதும். தமிழ்நாட்டு வட்டத்துக்குள்ளேயே மாறினால் மூன்று வேலை நாளும், வேறு மாநில வட்டத்துக்கு மாறினால் ஐந்து வேலை நாளும் ஆகும். இருக்கும் கம்பெனியில் 90 நாளாவது கழிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பாக்கி எதுவும் நிற்கக் கூடாது. பழைய கணக்கில் மிஞ்சிய பேச்சுத் தொகை திரும்பாது என்பதால் ரீசார்ஜ் முடியும் தறுவாயில் மாறுவதே லாபம். மாறாமல் இருக்கும் இடத்திலேயே நியாயம் தேட விரும்புகிறவர்கள் 198-ஐ அழைத்துப் புகாரைப் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலன் இல்லையெனில் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. டவர் இல்லை என்று அலுத்துக்கொள்கிற அதே தெருவார், கோபுரம் நட ஆட்கள் வரும்போது கதிர்வீச்சுக்கு அஞ்சிக் கொடி பிடிப்பதையும் நாம் பார்க்கிறோம். சர்வதேச வல்லுநர்கள் பாதுகாப்பானதென வகுத்த அளவில் பத்தில் ஒரு பங்கையே இந்திய சர்க்கார் 2012 செப்டம்பர் முதல் கோபுரங்களுக்கு உச்சவரம்பாக வைத்திருக்கிறது. கோபுரம் அருகில் இருந்தால், காதோடு ஒட்டியிருக்கும் கருவி குறைந்த சக்தியிலேயே வேலை செய்யும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆதலால் வாசகர்கள் விளம்பரத்தையும் வதந்தியையும் ஒருசேர ஒதுக்கிவைத்து, தம் வீட்டில் தாமே அளந்து பார்த்துக் கம்பெனியைத் தேர்ந்துகொள்ளட்டும். அளந்து கண்ட குறையைப் புகாராக எழுதட்டும். அதன் பயனாகத் தெருவுக்கு ஒரு கோபுரம் வருமானால், அதைத் தடுக்காமல் இடம் கொடுக்கட்டும்.