அகத்தே வைரம், புறத்தே வைரம்

தொல்காப்பிய மரபியலிலே தாவரங்களை இரண்டாகப் பிரிக்கும் ஓர் இடம் உண்டு. வைரம் வெளிப்புறத்தில் இருப்பது புல். உட்புறத்தில் இருப்பது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல், வேம்பும் முதிரையும் மரம். வகுப்பிலே இதைச் சொல்லும்போது "பனை எப்படி சேர் புல்லாகும்?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஓர் ஓடாவியிடம் சொன்னால் சிரிக்கமாட்டார். அவருடைய தொழிலே அந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

இலக்கணம் 'காழ்' என்பதை நாம் 'வைரம்' என்கிறோம். வேம்பு, முதிரை, பலா போன்றவை ஆண்டுதோறும் வெளிப்பக்கமாகப் பருப்பவை. புதிய பகுதி தோலை ஒட்டி இருக்கும். நீரைக் கொண்டு செல்வதும் அதுதான். உள்ளே இருக்கும் பழைய பகுதி உயிரிழந்து, பிசினும் துவர்ப்பொருள்களும் படிந்து நிறம் கறுத்து இறுகுகிறது. அதுவே வைரம். வெளியிலுள்ள வெள்ளைப் பகுதியில் மாச்சத்தும் ஈரமும் மிகுதி. கறையானும் வண்டும் முதலில் தேடி வருவது அதைத்தான்.

பனையின் அமைப்பு வேறு. அது ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருப்பதில்லை. கறுத்த நார்கள் வெளிப்புறத்தில் நெருங்கியும் நடுவில் ஐதாகவும் இருக்கின்றன. ஆகவே முற்றிய பனையை நீளவாக்கில் பிளந்து, நடுச்சோற்றியைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெளிப்பகுதியைக் கைமரமாக எடுக்கிறார்கள். தென்னைக்கும் இதே முறைதான். ஒன்றில் வெளியைக் கழிக்க வேண்டும், மற்றதில் உள்ளைக் கழிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் கூரை நிலைக்காது.

மரக்காலைக்குப் போகிறவர்கள் மரத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வாங்குவதே இன்று நடக்கிறது. "முதிரை எண்டு சொன்னாப் போதாது சேர், வெள்ளையக் கழிச்சிட்டா தாறாங்க எண்டு பாருங்க" என்று ஓர் ஓடாவி என்னிடம் சொன்னார். நல்ல மரமென்றாலும் அதன் வெள்ளை வெள்ளைதான். வெட்டுமுகத்தைப் பார்த்தால் நிறவேறுபாடு பெரும்பாலும் தெரியும். தீந்தை பூசிய கதவுநிலையில் அது மறைந்துவிடும். எனவே பூசுவதற்கு முன்பே பார்த்து வாங்க வேண்டும்.

ஈரத்தையும் கவனிக்க வேண்டும். காயும்போது மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை, அகலத்தில்தான் சுருங்கும். அதிலும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சைப் பலகை வளைவதும் வெடிப்பதும் இதனால்தான்.

சொந்த வளவிலே நிற்பதாக இருந்தாலும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். உணவு தரும் மரங்கள் என்பதே காரணம்.

இதனால் பழைய மரத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. பழைய வீடுகளை இடிக்கும்போது பனங்கைமரங்களை விறகென்று கொடுத்துவிடுகிறோம். முற்றிய பனையில் எடுத்து, நனையாமல் இருந்த கைமரம் இன்னொரு கூரைக்கும் உதவும். ஓர் ஓடாவியைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கச் செய்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அப்படியே அவர் வாயில் வரும் தொழிற்சொற்களையும் எங்கள் மாணவர்கள் எழுதி வைக்கட்டும். அகராதிகளில் ஏறாத சொற்கள் அவற்றில் பல இருக்கும்.