உங்களுக்குத் தெரியுமா? கணத்துக்குள் ஒளிந்த டப்பா

● ஜி.பி.எஸ். கருவி ஒரு காலத்தில் பொதுமக்களுக்குச் சுமார் 100 மீட்டர் பிசகோடுதான் இடம் காட்டியது. அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்த பிசகு அது. 2000 மே 2 அன்று அதை நீக்கினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ஒளித்த டப்பாவை ஜி.பி.எஸ். கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்தது அப்படித்தான். அந்த வாளிக்குள் ஒரு பீன்ஸ் டின்கூட இருந்தது!

● இதில் புதிர் வகை தனி. டப்பா இருக்கும் இடத்தை நேரே சொல்ல மாட்டார்கள். கணக்குப் போட்டால்தான் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் படித்த 'கண மொழி' இதற்கு அப்படியே பொருந்தும். தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தை வைத்தே ஒன்று பார்ப்போம். ஊர் இருப்பது வடக்கே 12 பாகை 18 நிமிடத்தை ஒட்டி. அந்த 18-க்குப் பின் வரும் மூன்று தசம இலக்கங்கள்தாம் புதிர்.

0 முதல் 9 வரை அனைத்துக் கணம். A இரட்டை எண்கள், B பகா எண்கள், C மூன்றின் மடங்குகள். முதல் இலக்கம் A, B இரண்டுக்கும் பொது. இரண்டாவது A, B, C மூன்றிலும் சேராதது. மூன்றாவது B, C இரண்டுக்கும் பொது.

விடை 2, 1, 3. ஆக, 18.213 நிமிடம். 1-ஐப் பகா எண் என்று நினைத்தவருக்கு இரண்டாவது இலக்கமே கிடைக்காது. அது வெற்றுக் கணமாகிவிடும். கிழக்கு எண்ணுக்கும் இதே போல நீங்களே ஒன்று அமைத்துப் பாருங்கள்.

● கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் ஏறக்குறைய 2 மீட்டர்தான் தள்ளிப்போவோம். முதல் இலக்கம் பிசகினால் 185 மீட்டர். பக்கத்துத் தெருவில் தேடிக்கொண்டிருப்போம்.

● ஜி.பி.எஸ். செய்வதும் கணங்களின் வெட்டுதான், அதாவது அவற்றுக்குப் பொதுவானதைக் காண்பதுதான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் 'என்னிடமிருந்து இவ்வளவு தூரம்' என்று ஒரு கோளப்பரப்பைத் தருகிறது. மூன்று பரப்புகள் வெட்டும் இடம் இரண்டே புள்ளிகள். அதில் ஒன்று பூமியிலேயே இருக்காது. நான்காவது செயற்கைக்கோள் கருவியின் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய.

● கணங்களின் வெட்டை வட்டங்களால் காட்டும் தம் படங்களை ஜான் வென் வெளியிட்டது 1880-இல். நம் நிலப் பத்திரங்களில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியும் அதே வேலையைத்தான் செய்கிறது: வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஏரிக்கரைக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு. நான்கு கணங்களின் வெட்டு! 'வெட்டு' புரியாத பிள்ளைக்கு வீட்டுப் பத்திரத்தைக் காட்டினால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

● கணக்கு ஆசிரியர்கள் பள்ளி மைதானத்திலேயே இந்த டப்பா தேடும் விளையாட்டை நடத்தலாம். செல்போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஆகவே டப்பாக்களை நன்றாக இடம் விட்டு வையுங்கள். மூடியுள்ள டப்பா, கண்டெடுத்தவர் பெயர் எழுத ஒரு சிறு நோட்டு, ஒரு பென்சில் போதும். அனுமதியின்றி மண்ணில் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி.