இடிக்கச் சொன்ன வீடு!

பழைய வீடு வாங்கலாமா, கடன் கிடைக்குமா, ரிப்பேர் செலவு எங்கே கொண்டுபோய் விடும் என்று தவிப்பவர்கள் நம்மில் நிறைய பேர். நாங்கள் பட்டதை எழுதினால் யாராவது ஒருவருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இந்தக் கடிதம்.

2021-ல் முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. முன்னால் திண்ணை, உள்ளே தாழ்வாரம், நடுவில் முற்றம். பின்கட்டில் தேக்குச் சட்டம் போட்டு, மேலே செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் கலவை கொட்டிய மெத்தை. விலை 34 லட்சம். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. மாமியாரோ, "ஏம்மா, இடிஞ்சு விழற வீட்டுக்கா இவ்ளோ பணம்? வாங்கினா இடிச்சுட்டு அடுக்கு மாடியா கட்டுங்க" என்றார். தரகரும் அதையேதான் சொன்னார்.

முதல் சிக்கல் பத்திரம். தாய்ப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. நம் ஊரில் இது புதிதல்ல. மொழிபெயர்த்து வக்கீலிடம் காட்டினோம். அவர்தான் கண்டுபிடித்தார், வாரிசு மூன்று பேர், அதில் ஒரு பெண் பிரான்சில் இருக்கிறார் என்று. நாங்கள் அதற்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்! அந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் வங்கி கடன் தராது என்று சொல்லிவிட்டது. பாரிசில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பி, இங்கே பதிந்து முடிக்க நாலு மாசம். அந்த நாலு மாசமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வில்லங்கச் சான்றிதழும் வக்கீல் கருத்தும் கைக்கு வருமுன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், "பத்திரத்தில் குறை இருந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். நாங்கள் எழுதவில்லை.

அடுத்தது கடன். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. ஆனால் மதிப்பு என்பது நாம் கொடுக்கும் விலை அல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் போடுவது. வந்தவர் மனைக்கு ஒரு தொகை போட்டார். கட்டடத்துக்கு வயசாகிவிட்டது என்று ஏறக்குறைய ஒன்றுமே போடவில்லை. அந்தத் தேக்கும் தூணும் அவர் கணக்கில் குப்பை! மொத்தம் 29 லட்சம் என்று எழுத, 25 லட்சம் கிடைத்தது. மீதி 9 லட்சமும், முத்திரைத்தாள் பதிவுச் செலவும் நம் கையிலிருந்து. இவருடைய பி.எஃப்., என் சீட்டுப் பணம் எல்லாம் போயிற்று. பழைய வீடு வாங்குகிறவர்கள் இந்த இடைவெளியை முதலிலேயே மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிப்பேருக்கு நகைக்கடன். அங்கேதான் நான் இரண்டு தப்பு செய்தேன்.

ஒன்று, உப்பு பூத்த சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசச் சொன்னேன். கொத்தனாரும் சரி என்றார். முதல் மழைக்கே கொப்புளம் கொப்புளமாக உதிர்ந்தது. பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும்; கடல் காற்றின் உப்பு வேறு. மறுபடி கொத்தி, சுண்ணாம்புக் கலவையே பூசினோம். இரட்டைச் செலவு.

இரண்டாவது, மழைச் சாரலுக்குப் பயந்து முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடினேன். அந்தச் சித்திரையில் வீடு அடுப்பாகிவிட்டது! சூடு மேலே போக வழியில்லை. ஏ.சி. வாங்கலாம் என்று இவர் கிளம்ப, அப்புறம்தான் ஷீட்டைக் கழற்றி, கம்பி வலை மட்டும் போட்டோம். நம் ஊர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். 1930-களில் தொடங்கி 40-களில் முடித்த கட்டடம். ஜன்னலுக்குப் பதில் சுவர் முழுக்கத் திருப்பி வைக்கும் பலகைகள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் இங்கே வந்து யோசித்துச் செய்ததை நம் முன்னோர் முற்றத்தால் செய்திருக்கிறார்கள். நான் போய் மூடி வைத்தேன்.

மெத்தைக்கு இரண்டு கோட் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வருஷா வருஷம் கோடைக்கு முன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து பழைய ஃபேனை மாற்றி பி.எல்.டி.சி. ஃபேன் போட்டோம். பழையது 75 வாட், இது 30 வாட் அளவு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், ஐந்து ஃபேனுக்கும் சேர்த்து மாசம் 81 யூனிட் மிச்சம். ஒவ்வொரு மாசமும் கரன்ட் பில் வந்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கடன் வாங்கும்போது வட்டி 7 சதவீதம், 20 வருஷம், மாசம் 19,382 ரூபாய் இ.எம்.ஐ. 2022 மே முதல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றிக்கொண்டே போய், 2023 பிப்ரவரியில் 4-ல் இருந்து 6.5 ஆக்கியது. எங்கள் வட்டி 9.5. இ.எம்.ஐ. மட்டும் மாறவில்லை. "நல்லவேளை" என்று சும்மா இருந்துவிட்டோம். ஒருநாள் கணக்குச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால், கட்டிய 19,382-ல் அசலுக்குப் போனது முன்னூறு ரூபாய் சொச்சம்! மற்றதெல்லாம் வட்டி. இப்படியே போனால் என் பேரன் வந்துதான் கட்டி முடிக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்டே செய்ய வேண்டும் என்று. அதைச் சொல்லி நானே வங்கிக்குப் போய் 23,300 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மாசம் 3,900 ரூபாய் கூடுதல். பெரியவளின் டான்ஸ் கிளாஸ் ஒரு வருஷம் நின்றது. அவளுக்கு இன்னும் கோபம்தான். 2025-ல் வட்டி இறங்க ஆரம்பித்தபோது இ.எம்.ஐ.யைக் குறைக்கச் சொல்லாமல் அப்படியே விட்டோம். இப்போது அசல் கண்ணுக்குத் தெரிந்து குறைகிறது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதால், போனஸ் வந்தால் அதையும் அங்கேயே கட்டுகிறோம்.

வருமான வரிச் சலுகையை நம்பி யாராவது பெரிய கடன் வாங்கச் சொன்னால் யோசியுங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில்தான். ரிப்பேர் கடன் என்றால் அதற்குள்ளேயே 30,000 மட்டும். புது முறைக்குப் போய்விட்டால் இரண்டும் இல்லை.

2024-ல் சூரிய மின்சாரம் போட்டோம், 2 கிலோவாட். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 60,000 ரூபாய் மானியம், வேலை முடிந்த பிறகு வங்கிக் கணக்கில் வரும். அதுவரை நம் பணம்தான். பழைய மெத்தை என்பதால் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டினோம். நடுத்தளத்தில் பாரம் வைக்கக்கூடாது, சுவர்மேல் இரும்புச் சட்டம் கொடுத்து நிறுத்துங்கள் என்றார்.

அந்த வருஷமே நவம்பர் 30-ம் தேதி பெஞ்சல் புயல் நம் ஊர் பக்கமே கரையைக் கடந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்து பார்த்தால் தாழ்வாரத்து ஓடு பத்துப் பன்னிரண்டு நகர்ந்திருந்தது. தெருவெல்லாம் தண்ணீர். நம் வீட்டில் அது திண்ணையின் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. எதிர்ச் சாரியில் புதுசாகக் கட்டிய வீட்டுக்காரர்கள் குழந்தைகளோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். மாமியார்தான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

- ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.