விளக்கின் சாட்சியும் சக்கரத்தின் சாட்சியும்

சங்கத்தின் இருப்புப் பேரேட்டில் நூறு மூட்டை என்று எழுதியிருப்பதைக் கண்ட மாத்திரத்தில் நாம் கையொப்பமிடுவதில்லை. பண்டகசாலையைத் திறந்து, மூட்டைகளை எண்ணிய பின்னரே கையொப்பமிடுகிறோம். சங்கத்திற்குச் சொந்தமான வாகனத்தின் பழுதை அறிவதிலும் இந்த நியதியே பொருந்தும். நான்கு சக்கரங்களாலும் இயங்கும் லாரியின் நடு டிபரன்ஷியல் பூட்டு இதற்குத் தக்க உதாரணமாகும். காய்கறி மூட்டைகளையோ நூல் பேல்களையோ ஏற்றிய வண்டி மலைப்பாதைச் சேற்றில் அழுந்தும் வேளையில்தான் இப்பூட்டு தேவைப்படுகிறது. அது வேலை செய்யவில்லை என்பதும் பெரும்பாலும் அவ்வேளையில்தான் தெரியவருகிறது.

இங்கிலாந்தில் சோலிஹல் என்னுமிடத்தில் தயாரான லேண்ட் ரோவர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1983இல் ‘ஒன் டென்’ என வெளிவந்து, 1990இல் ‘டிபெண்டர்’ என்ற பெயரைப் பெற்ற இவ்வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரியில் முடிவுற்றது. ஆயினும் இலங்கையின் மலைநாடு உட்படப் பல நாடுகளில் அவை இன்றும் உழைத்துவருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் எல்.டி. 230 என்னும் டிரான்ஸ்பர் பெட்டி உள்ளது. நாம் கீழே கூறுவன, கைநெம்புகோலால் பூட்டப்படும் அத்தகைய பழைய வண்டிகளுக்கே பொருந்தும்.

பூட்டின் வேலை யாது?

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. அந்த வித்தியாசத்திற்கு இடங்கொடுப்பது நடு டிபரன்ஷியல். ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால், சக்தியெல்லாம் அதன் வழியே வீணாகி, மற்ற மூன்றும் அசையாது நிற்கக்கூடும். நெம்புகோலை இடப்புறம் தள்ளினால், பல்வளையம் ஒன்று நகர்ந்து, முன்னும் பின்னும் செல்லும் சுழல்தண்டுகளை ஒன்றாகப் பிணைக்கிறது. அப்போது டிரைவரின் முன்னுள்ள சிறு விளக்கு எரிகிறது.

இங்கேதான் மயக்கம் உண்டாகிறது. விளக்கு எரியாவிட்டால் பூட்டு கெட்டுவிட்டது என்றும், எரிந்தால் பூட்டு நன்றாயிருக்கிறது என்றும் முடிவு செய்துவிடுகிறோம். விளக்கோ ஒரு சுவிட்ச் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் கருவியே. பல்பு அணைந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், சுவிட்ச் தன் இடத்தினின்று சற்று விலகியிருக்கலாம். அந்நிலையில் பூட்டு ஒழுங்காக இருந்தும் விளக்கு எரியாது. ஆகவே விளக்கைக் கேட்டபின், சக்கரத்தையும் கேட்க வேண்டும்.

சக்கரத்தைக் கேட்கும் முறை

சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்க வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டிற்கும் முன்னும் பின்னும் தடைக்கட்டைகள் வைத்து, கைப்பிரேக்கை இறுக இழுத்து, கியரை நியூட்ரலில் விட வேண்டும். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்க வேண்டும். பூட்டாத நிலையில் அச்சக்கரத்தைக் கையால் திருப்பினால் சுழலும். பூட்டியபின் திருப்பினால், பற்களின் இடைவெளியளவு அசைந்து நின்றுவிட வேண்டும். ஏனெனில் இவ்வண்டியின் கைப்பிரேக் பின் சுழல்தண்டைப் பிடிப்பது. நெம்புகோலைத் தள்ளியவுடன் பற்கள் நேர்ப்படாமலும் இருக்கலாம். சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் அவை பொருந்தும். இச்சோதனையின்போது ஒருவரும் வண்டியின் அடியில் நுழையலாகாது. பின்சக்கரத்தைத் தூக்கி இதைச் செய்வதும் ஆபத்து. ஒரு பின்சக்கரம் தரையைவிட்டு எழுந்தால் கைப்பிரேக் வண்டியை நிறுத்தி வைக்காது.

சக்கரம் நின்றுவிட்டது, விளக்கு எரியவில்லை எனில், பழுது மின்சாரப் பகுதியில்தான். சுவிட்சின் இரு கம்பிகளையும் கழற்றி, சாவியைத் திருப்பி, அவற்றை ஒன்றோடொன்று தொடச் செய்க. விளக்கு எரிந்தால் பல்பும் கம்பியும் நலம். சுவிட்சைச் சரிப்படுத்தினாலோ மாற்றினாலோ போதும். விளக்கு எரிந்தும் சக்கரம் சுழன்றால், சுவிட்ச் பொய்ச்சாட்சி சொல்கிறது எனக் கொள்க.

பூட்டியும் சக்கரம் சுழல்கிறது, விளக்கும் எரியவில்லை எனில், முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்கு வெளியே உள்ள இணைப்புக் கம்பிகளும், பெட்டியின் மேலுள்ள சிறு நெம்பும் ஆகும். நெடுநாள் பயன்படுத்தாத வண்டிகளில் இந்நெம்பு துருவேறி இறுகிப்போவது வழக்கம். இணைப்பைக் கழற்றி, துருநீக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையுடன் அசைத்தால் பல சமயம் விடுபடும். இவை யாவும் சரியாயிருந்தும் பூட்டு பிடிக்காவிட்டால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

பூட்டை விடுவித்தும் விளக்கு அணையாதிருப்பதும் உண்டு. கெட்டித் தரையில் பூட்டியபடி ஓட்டியதால் தண்டுகள் முறுக்கேறி, பற்களை இறுகப் பிடித்திருப்பதே பெரும்பாலும் காரணம். நேராகச் சில கஜம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளரும். அப்படியே தார்ச்சாலையில் ஓட்டிச்சென்றால் டயர் தேய்வதோடு பற்சக்கரங்களுக்கும் சேதம் நேரும்.

நிர்வாகக் குழுவினருக்கு

பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒர்க்ஷாப்பிலிருந்து மதிப்பீடு வந்தால், உடனே தீர்மானம் நிறைவேற்றிவிடாதீர்கள். சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார்களா, சுவிட்சைச் சோதித்தார்களா, வெளி நெம்பு அசைகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறுங்கள். செலவாவது அங்கத்தினர்களின் பங்குப் பணம். ஒரு சுவிட்சின் குற்றத்திற்குப் பெட்டியைத் தண்டிப்பது நியாயமன்று.

மேலும், மாதம் ஒருமுறை மண்பாதையில் நேராக மெல்ல ஓட்டியவாறு பூட்டைப் பிடித்து, விடுவித்துப் பார்க்குமாறு டிரைவருக்குச் சொல்லி, அந்தத் தேதியை வண்டியின் ஓட்டக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். பயன்படுத்தாத பூட்டே துருப்பிடிக்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் இச்சோதனையை முடித்துவிட்டால், அறுவடைச் சரக்கு நடுவழியில் கிடந்து அழுகும் நஷ்டத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.