வானிலைச் செய்மதிகளும் காற்றைத் தேடிய விஞ்ஞானிகளும்

முகிலைக் கண்ணாற் காணலாம். காற்றைக் காண முடியாது. வானிலை ஆராய்ச்சியில் ஈடுபட்ட விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டு வரும் இடர்ப்பாட்டின் பெரும்பகுதி இதனுள் அடங்கிவிடும். விண்வெளியில் ஒரு கருவியை நிறுத்தி முகிற் கூட்டங்களைப் படம் பிடிப்பது விரைவிலேயே கைகூடிற்று. அம்முகில்களை இழுத்துச் செல்லும் காற்றின் வேகத்தை அங்கிருந்து அளப்பதோ அத்துணை எளிதாக அமையவில்லை.

ஐக்கிய அமெரிக்க வானிலைப் பணியகத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராக விளங்கியவர் ஹரி வெக்ஸ்லர். 1944 ஆம் ஆண்டிலே விமானத்தில் ஏறி, வீசிக்கொண்டிருந்த சூறாவளியொன்றின் நடுவே புகுந்து மீண்ட துணிவாளர் இவர். செயற்கைக் கோள் எதுவும் வானில் எழாத 1954 ஆம் ஆண்டில், இத்தகைய கோள் ஒன்றிலிருந்து பூமியின் வானிலை எவ்வாறு தோன்றும் என்பதை ஓவியமாகத் தீட்டுவித்து, நியூயோர்க் நகரில் அறிஞர் குழுவொன்றின் முன் விளக்கினார். இவ்விடயத்தில் அவரது கருத்தைத் தூண்டிக் கடிதம் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளைப் பற்றி 1945 இலேயே கட்டுரை வரைந்தவரும், 1956 முதல் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டு 2008 இல் கொழும்பிலே காலமானவருமான அதே கிளார்க்தான்.

1960 ஏப்பிரில் முதலாந் திகதி டைரோஸ் என்னும் முதல் வானிலைச் செய்மதி ஏவப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 120 கிலோகிராம்; அதனுள் இரண்டு தொலைக்காட்சிக் கமராக்கள் இருந்தன. செய்மதி பம்பரம் போலத் தன்னைத்தானே சுழன்றுகொண்டு சென்றமையால், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரமே கமரா பூமியை நோக்கிற்று. எஞ்சிய நேரமெல்லாம் வெற்று வெளியையே பார்த்திருந்தது. எனினும், அது உழைத்த 78 நாட்களில் பல்லாயிரம் படங்கள் பூமிக்கு வந்து சேர்ந்தன. சில நாட்களுக்குள்ளேயே அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசுபிக் சமுத்திரத்தில் சுழன்றுகொண்டிருந்த புயலொன்று படத்தில் அகப்பட்டது. கப்பலோ தீவோ இல்லாத கடற்பரப்பிலும் இனிப் புயல் ஒளிந்திருக்க இயலாது என்பது அன்று தெளிவாயிற்று.

ஆயினும் புயலைக் காண்பது வேறு, அதனைக் குறித்து மக்களுக்கு உணர்த்துவது வேறு. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைத் தாக்கிய போலாச் சூறாவளியைச் செய்மதிகள் முன்கூட்டியே படம் பிடித்திருந்தன. எச்சரிக்கையும் வானொலியிற் சென்றது. ஆனால் வரவிருக்கும் கடற்பெருக்கின் உக்கிரம் உரியவாறு எடுத்துரைக்கப்படவில்லை. மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்பர்.

முகிற் படத்துக்கு அடுத்த படியாக, வளிமண்டலத்தின் வெப்பநிலையை உயரத்துக்கு உயரம் அளந்தறியும் முயற்சி எழுந்தது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு செந்நிறக்கீழ்க் கதிர்களை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும் இயல்புடையது. அலைநீளத்துக்கேற்ப, சில கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்படைகளிலிருந்தும் சில கீழ்ப்படைகளிலிருந்தும் விண்வெளியை எட்டுகின்றன. பல அலைநீளங்களில் அவற்றின் செறிவை அளந்தால் ஒவ்வொரு படையின் வெப்பநிலையையும் கணித்துவிடலாம். 1969 இல் நிம்பஸ் வரிசையின் மூன்றாவது செய்மதி இதனை மெய்ப்பித்துக் காட்டியது. தடித்த முகில்களை இக்கதிர்கள் ஊடுருவ மாட்டா. ஆதலின் ஒட்சிசன் வெளிவிடும் நுண்ணலைகளை அளக்கும் கருவிகள் பின்னர் சேர்ந்தன. இவ்வளவைகளைக் கணிப்பொறியில் நேராகச் சேர்த்துக்கொள்ளும் முறை 1990 களில் வேரூன்றிய பின்னர், அவதான நிலையங்கள் அருகியிருந்த தென்னரைக்கோளத்துக்கும் வடவரைக்கோளத்துக்கு நிகரான முன்னறிவிப்புக் கிடைக்கலாயிற்று.

ஆனால் அயன மண்டலத்துக்கு இது போதவில்லை. ஐரோப்பா போன்ற நாடுகளில், பூமியின் சுழற்சி காரணமாக, அமுக்கம் பரவியிருக்கும் பாங்கை அறிந்தால் காற்றின் திசையையும் வேகத்தையும் ஏறத்தாழ உய்த்துணரலாம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இத்தொடர்பு தளர்ந்து போகின்றது. வட அகலக்கோடு ஆறு பாகைக்கும் பத்துப் பாகைக்கும் இடையே கிடக்கும் இலங்கையைப் போன்ற நாடுகளுக்கு வெப்பநிலை அளவு மட்டும் உதவாது. காற்றையே அளந்தாக வேண்டும்.

இதற்காக ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் உருவாக்கியதே ஏயோலஸ் செய்மதி. கிரேக்க புராணத்தில் காற்றுகளைக் காவல் செய்பவனின் பெயர் அது. அதன் உத்தி சொல்வதற்கு எளியது. செய்மதியிலிருந்து ஊதாக்கடந்த லேசர் ஒளி கீழ்நோக்கிப் பாய்ச்சப்படும். காற்றின் மூலக்கூறுகளிலும் தூசிகளிலும் பட்டுத் திரும்பும் சிறு ஒளியை ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி பற்றிக்கொள்ளும். நெருங்கி வரும் புகைவண்டியின் ஊதலொலி மாறிக் கேட்பது போல, காற்றின் ஓட்டத்தால் ஒளியின் அதிர்வெண்ணும் மாறும். ஆனால் அம்மாற்றத்தின் அளவைப் பாருங்கள்: காற்று செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் விலகினால் ஒளியின் அதிர்வெண் நூறு கோடியில் ஏழு பங்கே மாறும்.

2007 இல் ஏவக் கருதியிருந்த இச்செய்மதி 2018 ஓகஸ்து 22 ஆந் திகதி வரை தாமதித்தது. லேசரே அதற்குக் காரணம். வெற்றிடத்தில் அதன் கடும் ஒளி, கருவியிலிருந்து கசியும் நுண்ணிய சேதனப் பொருள்களைக் கண்ணாடிகளின் மீது கருகச் செய்து, கண்ணாடிகளையே பாழாக்கிற்று. ஆண்டுகள் பல உழைத்துக் கண்ட பரிகாரம் வியப்பானது: கண்ணாடிகளைச் சூழச் சிறிதளவு ஒட்சிசனைக் கசிய விட்டால் அக்கரி எரிந்து நீங்கிவிடுகின்றது. ஏவிய பின்னரும் தொல்லை தீர்ந்தபாடில்லை. முதல் லேசரின் வலு குன்றவே, 2019 இல் இரண்டாவது லேசருக்கு மாற வேண்டியதாயிற்று. அளவைகளில் புரியாத பிழையொன்றும் தோன்றிற்று. பூமியிலிருந்து எழும் வெப்பமும் ஒளியும் இடத்துக்கிடம் வேறுபட, தொலைநோக்கியின் பெருங்கண்ணாடி மிக நுட்பமாக வெப்பமடைந்து வளைவதே அதற்குக் காரணமெனக் கண்டு, 2020 இல் கணக்கால் அதனைத் திருத்தினர். பிரித்தானியாவின் றெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய முன்னறிவிப்பு நிலையம் அவ்வாண்டு ஜனவரியிலேயே ஏயோலஸின் அளவைகளைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. சில வாரங்களில் கொரோனாப் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றன. அவை வழக்கமாகத் தரும் காற்றளவைகளும் அற்றுப் போயின. ஏயோலஸ் அவ்வேளை வானில் இருந்தது நற்பேறு என்றே கூற வேண்டும். 2023 ஜூலையில் அதனை வழிநடத்திக் கீழிறக்கி, அந்தாட்டிக்காவுக்கு மேலே எரிந்தழியச் செய்தனர்.

இவ்வளவுக்குப் பின்னரும் புயல் விஞ்ஞானிகளை ஏமாற்றுகின்றது. 2023 ஒக்ரோபர் 24 ஆந் திகதி காலையில் மெக்சிக்கோவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருந்த ஓட்டிஸ், சாதாரணப் புயலாகவே மதிக்கப்பட்டது. அன்றிரவே அது ஐந்தாந்தரச் சூறாவளியாகி, நள்ளிரவுக்குப் பின் அக்கபுல்க்கோ நகரைச் சிதைத்தது. செய்மதிகள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அதனைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. அதன் உண்மை வலுவை அன்று பிற்பகலிற் காட்டியது, வெக்ஸ்லர் காலத்தைப் போலவே உள்ளே புகுந்த ஒரு விமானம்.

முகிலின் மேற்பரப்புக்கு அடியில் நிகழும் இத்தகைய விரைவான மாற்றத்தை அறியவே ட்ரொப்பிக்ஸ் என்னும் சிறு செய்மதிக் கூட்டம் அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு ரொட்டியளவினது. எடை ஏறத்தாழ ஐந்து கிலோகிராம். பெரிய செய்மதி நாளில் இரு தடவையே பார்க்கும் புயலை, இவை பல சேர்ந்து ஏறத்தாழ மணிக்கொரு முறை நுண்ணலையால் துருவும் என்பது நோக்கம். 2022 ஜூனில் முதலிரண்டும் றொக்கட்டின் பழுதால் அழிந்தன. எஞ்சிய நான்கும் 2023 மே மாதத்தில் நியூசிலாந்திலிருந்து ஏவப்பட்டன.

வங்காள விரிகுடாவில் சூறாவளிக்குள் வழமையாகச் செல்லும் விமானங்கள் இல்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்தது போன்ற சூறாவளி கடலில் உருவாகுமாயின், அதன் வலுவை மதிப்பிடுவதற்கு வேர்ணன் துவோராக் என்னும் அமெரிக்கர் 1970 களில் வகுத்த முறையே இன்றும் முதன்மையாகக் கைக்கொள்ளப்படுகின்றது. முகிற் சுருளின் வடிவத்தையும் அதன் கண்ணின் வெப்பத்தையும் செய்மதிப் படத்தில் ஆராய்ந்து காற்றின் வேகத்தைக் கணிக்கும் முறை அது. புது டெல்லியிலுள்ள வலய நிலையம் இலங்கை உட்பட அயல்நாடுகளுக்கு அனுப்பும் சூறாவளி அறிக்கைகளில், கடல் நடுவே மணிக்கு இத்தனை கிலோமீற்றர் எனக் குறிக்கப்படும் வேகம், பெரும்பாலும் காற்றை அளந்து பெற்றதன்று; முகிலைப் பார்த்து மதிப்பிட்டதே.